பாஸ்பேட் நீரைக் கொதிக்கவைத்தால் போதுமா?

கேள்வி: எங்கள் ஊர்க் குடிநீரில் பாஸ்பேட் இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தது. ஆபத்தா? கொதிக்கவைத்தால் போய்விடுமா?

பதில்: கொதிக்கவைத்தால் போகாது. ஆனால் குடிநீரில் வழக்கமாக இருக்கும் அளவுக்குப் பாஸ்பேட் நேரடி நஞ்சும் அல்ல. பாலிலும் பருப்பிலும் அதைவிட அதிகமாகவே சாப்பிடுகிறோம். பழைய குழாய்களின் ஈயம் கரையாதிருக்கச் சில நாடுகளில் அதை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள்.

எனக்கு அச்சமெல்லாம் ஏரியில் அது செய்யும் வேலையைப் பற்றித்தான். வயல் உரமும் சாக்கடையும் கொண்டுவரும் பாஸ்பேட்டால் நீலப்பச்சைப்பாசி கொழிக்கும். அதில் சில வகைகள் கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சை உண்டாக்கும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில், ஈரி ஏரியிலிருந்து எடுத்த குடிநீரில் இந்த நஞ்சு வந்துவிட்டது. 4 லட்சம் பேருக்கு மேல் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் தவித்தார்கள். கொதிக்கவைக்கவும் வேண்டாம் என்றே எச்சரித்தார்கள். நஞ்சு அழியாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும்.

உங்கள் தண்ணீர் ஏரியிலிருந்து வருகிறதென்றால், பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். மிதந்தால் குழந்தைகளையும் மாடுகளையும் இறங்க விடாதீர்கள். குடிநீர் வாரியத்துக்கு உடனே சொல்லுங்கள். கிணற்று நீரென்றால், சாக்கடை கசிகிறதோ என்ற சந்தேகம் வர வேண்டும். நைட்ரேட்டுக்கும் கோலிஃபார்ம் கிருமிக்கும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.