புணையும் பரிசலும்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வளரும் பிள்ளைகளுக்கு ஆறு என்றால் மணல். தென்பெண்ணை கருநாடகத்து நந்திமலையருகே தோன்றி, கிருட்டிணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களைக் கடந்து நம் மாவட்டத்துக்கு வருகின்றது. ஆயினும் ஆண்டின் பெரும்பகுதியில் நம்மிடம் வந்து சேர்வது அதன் பெயரே, நீரன்று. ஆதலின், திண்டிவனத்தில் பல்லாண்டுகள் தமிழாசிரியனாயிருந்த நான், புறநானூற்றின் 192-ஆம் பாட்டை ஒரு குறையுடனேயே நடத்தி வந்தேன். அப்பாட்டில் கணியன் பூங்குன்றனார், பாறைகளில் மோதி முழங்கும் பேராற்றில் நீரின் போக்கிலே செல்லும் புணையை நம் உயிருக்கு உவமையாக்குகின்றார். “புணையாவது தெப்பம்” என்று சொல்லிவிட்டு நான் மேலே செல்வேன். தெப்பம் என்றவுடன் மாணவர் உள்ளத்தில் தோன்றுவது கோயிற்குளத்தில் விளக்கொளியுடன் மெல்ல வலம்வரும் தெப்பமே. புலவர் கண்டது அதுவன்று. நானும் அப்போது அதனைக் கண்டவனல்லேன்.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் 2-ஆம் நாள் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. மணலாய்க் கிடந்த பெண்ணை, கரைகளை விழுங்கிக்கொண்டு வந்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தடியில் நீர் அபாய அளவைத் தாண்டியமையால் இரயில்கள் நின்றன. பெண்ணைக்கரைச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த என் மகன் வீட்டிலும் வெள்ளம் புகுந்தது. மீட்புப் படையினர் இரப்பர்ப் படகில் வந்து அனைவரையும் கரை சேர்த்தனர். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால், பதினொரு வயதுப் பெயர்த்தி அன்று முதல் நீரைக் கண்டு நடுங்கலானாள். மழை பெய்தால் உறங்கமாட்டாள், கிணற்றங்கரைக்கும் வரமாட்டாள்.

அச்சத்தைச் சொற்களால் போக்க முயன்று தோற்ற பின்னர், காலாண்டு விடுமுறையொன்றில் குடும்பத்துடன் ஒகேனக்கல் செல்வதென முடிவு செய்தோம். செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை வழியே தருமபுரியை அடைந்து அங்கே ஓரிரவு தங்கினோம். மறுநாள் காலையில் பென்னாகரம் கடந்து மலைச்சாலையில் இறங்கினோம். அருவியின் முழக்கம் முன்னரே கேட்டது. ‘ஒகே’ என்பது கன்னடத்தில் புகை. ‘கல்’ நம் கல்லே. நீர்த்துளி புகைபோல் எழுவதால் இப்பெயர் வந்தது என்பர். ஊரெங்கும் மீன் வறுக்கும் மணம்! என் போன்ற மரக்கறி உணவினர்க்கு அது ஒரு சோதனையே.

அன்று வானம் தெளிந்திருந்தது. ஆயினும், பரிசல் ஓட்டத் தடை விதித்திருந்தனர். கருநாடகத்து அணைகளில் திறந்துவிட்ட நீர் வந்துகொண்டிருந்தது. இங்கே ஒரு துளி மழையின்றியும் காவிரி ஏறும். ஆதலால், மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தார் நீர்வரத்தை இடையறாது அளக்கின்றனர். வரத்து மிகுந்தால் பரிசல் ஓட்டுதலும் அருவியில் நீராடுதலும் தடுக்கப்படும். என் மகன் பரிசலோட்டி ஒருவரிடம், “கரையோரமாகச் சிறிது தூரம் போகலாகாதா? கூடுதலாகத் தருகின்றோம்” என்றான். அவர் ஆற்றின் நடுவே நுரை பொங்கும் ஓரிடத்தைக் காட்டினார். “ஐயா, அங்கே ஒரு பாறை இருக்கின்றது. அதன் தலை தெரிந்தால் போவோம். தெரியாவிட்டால் நாளைக்கும் இல்லை” என்றார். பெயர்த்தி அவ்விடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று பகல் முழுதும் காத்திருந்தோம். என் மகன் முன்னொருமுறை இமயத்தடியில் உள்ள ரிசிகேசத்தில் கங்கையில் சென்றதைக் கூறினான். அங்கே காற்றடைத்த இரப்பர் மிதவையில் அறுவர் எண்மர் இருபுறமும் அமர்ந்து துடுப்பு வலிப்பர். பின்னே ஒருவர் வழிநடத்துவார். மழைக்காலத்தில் அதனை நிறுத்திவிடுவர். விரைநீரை எளிதினும் எளிது முதல் கடக்கலாகாதது வரை ஆறு படிகளாக உலகெங்கும் வகுத்துள்ளனர். கயாக் என்னும் ஒற்றையாள் ஓடமும் உண்டு. வடதுருவத்தையடுத்த இனுயிட் மக்கள் சீல் என்னும் கடல்விலங்கின் தோலைப் போர்த்து அதனைச் செய்தனர். துடுப்பின் இருமுனையிலும் தட்டு இருக்கும். கவிழ்ந்தாலும் பயின்றவர் அமர்ந்தபடியே நிமிர்த்துவர். நம் அண்டையிலுள்ள கோழிக்கோட்டு மலையாறுகளில் 2013 முதல் கயாக் போட்டி விழா நடந்து வந்துள்ளது.

இவையெல்லாம் கேட்டபின் பரிசலைப் பார்த்தால், கூடை ஒன்றை ஆற்றில் விட்டாற்போலத் தோன்றும். மூங்கிற் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, முற்காலத்தில் தோலையும் இக்காலத்தில் பிளாஸ்டிக் விரிப்பையும் போர்த்து, தார் பூசுகின்றனர். முன்னும் பின்னும் இல்லை. அடி தட்டையாதலால் முழங்காலளவு நீரிலும் மிதக்கும். பாறையில் பட்டால் நீள்படகு குறுக்கே சிக்கிக்கொள்ளும். பரிசலோ உருண்டு விலகும். வேலை முடிந்ததும் ஒருவரே தலைமேற் கவிழ்த்துக்கொண்டு நடந்துவிடலாம். பழைய மெசொப்பொத்தேமியாவின் ஆறுகளிலும் இத்தகைய வட்ட ஓடங்கள் ஓடின.

மறுநாள் விடியற்காலையில் எங்களை எழுப்பியவள் பெயர்த்தி. “தாத்தா, பாறையின் தலை தெரிகின்றது!” என்றாள். நாங்கள் அறியாமல் கரைக்குச் சென்று பார்த்திருக்கின்றாள். நீர் வடிந்து, முற்பகலில் தடையும் நீங்கியது. மாமரத்துக்கடவில் பரிசல் ஏறினோம். மிதவைச் சட்டை அணியாமல் ஏறலாகாது என்பது விதி. 2015-ஆம் ஆண்டில் இவ்விடத்திலே பரிசல் கவிழ்ந்து ஒரே குடும்பத்தார் பலர் மாண்டனர். அதனை அறிந்தும், என் பெயரன் புழுக்கம் தாளாது நடுவழியில் சட்டையின் வாரை அவிழ்த்தான். பரிசலோட்டி ஒன்றும் சொல்லவில்லை. பரிசலைக் கரைக்குத் திருப்பினார். “தம்பி கட்டிக்கொண்டால் போவோம்” என்றார். அவன் கட்டிக்கொண்டான்.

இருமருங்கும் செங்குத்தான பாறைகள். நடுவே கரும்பச்சை நீர். பெயர்த்தி கண்களை மூடி என் கையைப் பற்றிக்கொண்டாள். பரிசலோட்டி அவளிடம், “கண்ணு, கண்ணை மூடினால்தான் பயம். அங்கே பார்” என்று நீரைக் காட்டினார். இரு பாறைகளுக்கிடையே நீர் வழவழப்பாய், நுனி கீழ்நோக்கிய ஆப்புப்போல் குவிந்து ஓடினால் அங்கே ஆழம் உண்டு, வழியும் உண்டு. ஆப்பின் நுனி மேல்நோக்கி நம்மைப் பார்த்தால் அங்கே பாறை மறைந்திருக்கின்றது. பாறைக்குப் பின்னால் நீர் எதிர்த்துத் திரும்பி மெல்லச் சுழலும். அங்கே பரிசலைச் செருகி இளைப்பாறலாம். சொல்லிக்கொண்டே அவர் இரண்டு முறை துடுப்பை இழுத்தார். பரிசல் அரைவட்டம் சுழன்று ஒரு பாறையின் பின்னே ஒதுங்கி நின்றது. இருபுறமும் ஆறு இரைந்து ஓட, எங்களைச் சுற்றி நீர் குளம்போல் இருந்தது. பெயர்த்தி கண் திறந்தாள். சற்று நேரத்தில், “அடுத்தது அந்தப் பக்கம்தானே?” என்று வழியைத் தானே காட்டத் தொடங்கினாள். இருமுறை தவறாகவும் காட்டினாள்.

நான் பூங்குன்றனாரை நினைத்துக்கொண்டேன். நீர்வழிச் செல்லும் புணையென்றால் செயலற்றுக் கிடக்கும் கட்டை என்றே நான் மாணவர்க்கு உணர்த்தியிருந்தேன். அது பிழை எனத் துணிந்து சொல்லமாட்டேன். புலவர் கருத்து ஊழின் வலிமையே. ஆயினும், நீரின் வழியிற் செல்பவனுக்கும் வேலை உண்டு என்பதை அப்பரிசலோட்டி எனக்குக் காட்டினார். அவர் ஒருமுறையேனும் நீரை எதிர்த்து வலிக்கவில்லை. எங்கே துடுப்பைத் தொடவேண்டும், எங்கே வாளா இருக்கவேண்டும் என்பதே அவர் கல்வி. அக்கல்வி என்னிடம் இருந்திருப்பின், அப்பாட்டை இன்னும் ஒரு நாள் கூடுதலாக நடத்தியிருப்பேன்.

திரும்பும் வழியில் திருவண்ணாமலையில் தங்கி, உலகளந்த பெருமாளைச் சேவிக்கத் திருக்கோவலூர் வந்தோம். பெண்ணைப் பாலத்தில் வண்டி மெல்லச் சென்றது. கீழே பரந்த மணலினூடே ஒரு சிறு கால்வாயளவு நீர் பாலத்தூணைச் சுற்றி ஓடியது. பெயர்த்தி சாளரத்தின் வழியே எட்டிப் பார்த்தாள். “தாத்தா, அந்தத் தூணுக்குப் பின்னால் பரிசலை நிறுத்தலாம்” என்றாள்.