மருத்துவமனைக்குச் செல்லுமுன்

அறுவை மருத்துவத்திற்குச் செல்லும் குழந்தையிடம் ‘கடைக்குப் போகிறோம்’ என்று பொய்யுரைத்து அழைத்துச் செல்லும் பெற்றோரை நாம் கண்டிருக்கிறோம். ஊசியைக் கண்டதும் அக்குழந்தை தாயின் சொல்லையே ஐயுறும்.

1952இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன் எடுத்த ஆவணப்படம், பெற்றோரைப் பிரிந்து மருத்துவமனையில் தங்கிய இரண்டு வயதுச் சிறுமியின் துயரைக் காட்டிற்று. 1959இல் அந்நாட்டின் பிளாட் குழு, பெற்றோர் தடையின்றி வந்து காணப் பரிந்துரைத்தது.

நாம் செய்யத்தக்கவை சில. மூன்று வயதுக் குழந்தைக்கு ஓரிரு நாள் முன்னும், பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வாரம் முன்னும் உண்மையைக் கூறுக. ‘வலிக்காது’ என்னாது, ‘கொஞ்சம் வலிக்கும், கண்ணே, பிறகு சரியாகிவிடும்’ என்க. பொம்மைக்கு ஊசியிட்டு விளையாடச் செய்க. பழகிய போர்வையை உடன்கொள்க. மயக்க மருந்துக்கு முன் உணவு தரலாகாது என்பதையும் முன்பே விளக்குக.

சற்றே வெளியே செல்ல நேரினும் மறைந்து செல்லற்க. திரும்பும் வேளையைச் சொல்லுக. சொன்ன வேளையில் வந்து நிற்க.