மில்லுக்குள் போகும் ஆப்-ஆம்ப் போர்டுக்குச் சில அறிவுரைகள்

கோவையில் எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளே, நீங்கள் கட்டும் போர்டு நாளைக்கு ஒரு நூற்பாலையிலோ, சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனிலோ, எடை மெஷினிலோ உட்காரப் போகிறது. ரெசிஸ்டர், கெபாசிட்டர் எடுக்கும்போது அந்த இடம் கண்ணில் நிற்கட்டும்.

1. சந்தேகம் வந்தால் 10 கிலோ ஓமில் ஆரம்பியுங்கள். கெயினைத் தீர்மானிப்பது விகிதம்தான். ஆனால் ஃபீட்பேக்கில் 1 கிலோ ஓம் போட்டால், அவுட்புட் 10 வோல்ட்டுக்குப் போகையில் 10 மில்லி ஆம்பியர் அதற்கே போய்விடும்.

2. மெகா ஓமுக்குப் போகுமுன் பயஸ் கரண்டைப் பாருங்கள். 741-க்கு அது சுமார் 80 நானோ ஆம்பியர். 1 மெகா ஓமில் 80 மில்லிவோல்ட். 5 வோல்ட் கொடுத்த லோட்செல், முழு எடையிலும் 10 மில்லிவோல்ட்தான் தரும்! ஐ.சி.யை மாற்றினாலும் பஞ்சு விடாது. நூல் அறாமலிருக்க மில்லில் காற்றை ஈரமாகவே வைக்கிறார்கள். பஞ்சுத்தூசி போர்டில் படிந்து ஈரம் குடித்தால், இரண்டு பேடுக்கு நடுவே கரண்ட் கசியும். 10 கிலோ ஓமுக்கு அது ஒரு பொருட்டில்லை. 10 மெகா ஓமைக் கவிழ்த்துவிடும். ரீடிங் அலைகிறதா? ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் நனைத்துத் தேய்த்து, காயவிட்டுப் பாருங்கள். நின்றுவிட்டால் கசிவுதான்.

3. கெயின் ரெசிஸ்டர் இரண்டும் 1 சதவீத மெட்டல் ஃபிலிம், ஒரே கம்பெனி, அருகருகே. சூட்டில் இரண்டும் சேர்ந்து நகர்ந்தால் விகிதம் கெடாது. ரெகுலேட்டரின் ஹீட்சிங்க் பக்கம் ஒன்றை மட்டும் வைக்காதீர்கள்.

4. சப்ளை பின்னை ஒட்டி 104 செராமிக், கட்டாயம். சிக்னல் பாதையில் மட்டும் அது வேண்டாம். எக்ஸ்7ஆர் வகை வோல்டேஜ் ஏறினால் மதிப்பு குறையும். தறியின் அதிர்வையும் வோல்டேஜாக மாற்றி உள்ளே விடும். ஃபில்டருக்கு பாலியஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன், பிக்கோஃபாரட் அளவில் சி0ஜி. இங்கே பத்து ரூபாய் மிச்சம் பிடிக்காதீர்கள்.

5. ஃபில்டருக்கு முதலில் கெபாசிட்டரை எடுங்கள். அதில் கிடைக்கும் மதிப்புகள் கொஞ்சம். ரெசிஸ்டரைப் பிறகு பொருத்திக்கொள்ளலாம். 0.1 மைக்ரோஃபாரட்டோடு 100 கிலோ ஓம் என்றால் சுமார் 16 ஹெர்ட்ஸ்.

6. ஃபீட்பேக் 100 கிலோ ஓமைத் தாண்டினால் அதன்மேல் 10 முதல் 22 பிக்கோஃபாரட் போடுங்கள். இன்புட் பின்னில் தானாகச் சேரும் கெபாசிட்டன்ஸால் ஸ்கொயர் வேவின் மூலையில் நடுக்கம் வரும். ஸ்கோப்பில் பார்த்து, அது அடங்குகிற மதிப்பை வையுங்கள்.