கழுகுமலை: பெயரும் பறவையும்

(இரண்டாம் ஆண்டு இளமறிவியல், விலங்கியல்)

வானம் பார்த்த நம் சீமையில் விலங்கும் பறவையும் ஊர்ப்பெயர்களில் வாழ்ந்து வருகின்றன. நரிக்குடி, ஆனைக்குட்டம், கழுகுமலை எனப் பல பெயர்களைச் சொல்லலாம். குமாரலிங்கபுரத்தைச் சேர்ந்த எனக்குச் சிறு வயது முதலே கேட்டுப் பழகிய பெயர் கழுகுமலை. அப்பெயரின் பொருளையும் தோற்றத்தையும் விலங்கியல் மாணவன் என்ற முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரின் தோற்றம்

கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடையே உள்ளது கழுகுமலை. பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயிலும் சமணச் சிற்பங்களும் அதன் பெருமைகள். அங்குள்ள பழைய வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் அரைமலை, திருநெச்சுரம் என்ற பெயர்களே காணப்படுகின்றன. எனவே, கழுகுமலை என்னும் பெயர் பின்னரே பரவியிருக்க வேண்டும்.

தலபுராணம் ஒரு காரணம் கூறுகிறது. சீதையை மீட்கப் போரிட்டு மாண்ட சடாயுவுக்கு இராமனே ஈமக்கடன் செய்தான். உடன்பிறந்த தான் அக்கடமையைச் செய்யவில்லையே என வருந்திய சம்பாதி, இங்கு முருகனை வழிபட்டுக் குறை நீங்கினான் என்பது கதை. அதனால் முருகனுக்குக் கழுகாசலமூர்த்தி என்று பெயர். அசலம் என்றால் மலை.

எந்தக் கழுகு?

இன்று ‘ஈகிள்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கழுகு என்று மொழிபெயர்க்கிறோம். அது உயிருள்ள இரையை வேட்டையாடும் பறவை. ஆனால் சடாயுவையும் சம்பாதியையும் வடமொழி ‘கிருத்ரம்’ என்கிறது. அது இறந்த உடல்களை உண்ணும் பறவையைக் குறிக்கும் சொல். பாறு என்றும், பிணந்தின்னிக் கழுகு என்றும் நாம் அழைப்பது அதனையே. ஆகவே மலைக்குப் பெயர் தந்தது பாறுக் கழுகு என்பதே பொருத்தம்.

கதிரவனை நெருங்கிப் பறந்து சம்பாதி சிறகு கருகினான் என்ற கதையிலும் கூர்ந்த நோக்கு உண்டு. வெப்பக் காற்றில் மிதந்தே இப்பறவைகள் மிக உயரம் செல்கின்றன. 1973இல் ஐவரி கோஸ்ட் நாட்டில் ஒரு பாறு சுமார் 11,300 மீட்டர் உயரத்தில் விமானத்தில் மோதியது!

பெயர் உண்டு, பறவை எங்கே?

என் பாட்டனார் பள்ளி வாசலை மிதிக்காதவர். “செத்த மாட்டை ஊருக்குப் புறத்தே போட்டால், பொழுது சாயுமுன் எலும்புதான் மிஞ்சும்” என்பார். இயற்கையின் துப்புரவாளர் என்று நான் நூலில் படித்த பறவையை அவர் கண்ணால் கண்டிருக்கிறார். நானோ இதுவரை கண்டதில்லை.

திருக்கழுக்குன்றத்தில் நாள்தோறும் உச்சிவேளையில் வந்து அர்ச்சகர் கையால் உணவுண்ட இரு மஞ்சள்முகப் பாறுகளும் 1990களின் இறுதியோடு வருவதை நிறுத்திவிட்டன. மாடுகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் போடப்பட்ட டைக்குளோபினாக் என்னும் மருந்தே பாறுகளின் அழிவுக்குக் காரணம் என்பது 2004இல் வெளியான ஆய்வால் தெரிந்தது. மருந்து ஏற்றிய மாடு இறந்தால் அதை உண்ட பறவையின் சிறுநீரகம் செயலிழக்கும். 1992 முதல் 2007 வரையிலான பதினைந்து ஆண்டுகளில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்தன. பிணங்கள் நாய்களுக்கு இரையாயின, தெருநாய்கள் பெருகின. 2006இல் கால்நடைகளுக்கான அம்மருந்தை அரசு தடை செய்தது. இன்று தமிழகத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கே பாறுகளின் முக்கியப் புகலிடம்.

நாம் செய்யத்தக்கது

நம்மில் பலர் மாடு கட்டியிருக்கும் வீடுகளிலிருந்து வருகிறோம். மாட்டுக்கு ஊசி போடும்போது பாறுகளுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் மருந்தைத் தருமாறு மருத்துவரிடம் கேட்கலாம். எந்தக் கரட்டில், எந்த மரத்தில் கழுகு அடைந்தது என்று நம் பெரியோரைக் கேட்டு எழுதி வைக்கலாம். அப்பறவையைக் கூட்டங்கூட்டமாகப் பார்த்த கடைசித் தலைமுறை அவர்களே. அவர்களும் மறைந்தால், கழுகுமலை என்ற பெயருக்குப் பொருள் சொல்லப் புராணம் மட்டுமே எஞ்சும். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த நான், பாட்டனார் கண்டதை எழுதி வைப்பதை என் முதற்கடனாகக் கொள்கிறேன். நண்பர்களும் அவ்வாறே செய்ய வேண்டுகிறேன்.