மூஸா நபியின் தாயாரும் தவக்குலும்

பிள்ளைக்கு நோய் கண்டு தாய் கலங்கினால், “ஈமான் இல்லையா? தவக்குல் வைக்கத் தெரியாதா?” என்று அதட்டுகிறவர்கள் நம் வீடுகளில் உண்டு. அவர்கள் கஸஸ் அத்தியாயத்தின் 7 முதல் 13 வரையிலான ஆயத்துகளைப் பொருளறிந்து ஓத வேண்டும்.

பனூ இஸ்ராயீலின் ஆண் குழந்தைகளை பிர்அவ்ன் அறுத்துக்கொண்டிருந்த காலம். குழந்தைக்கு ஆபத்து என அஞ்சினால் ஆற்றில் விட்டுவிடும்படி, மூஸா (அலை) அவர்களின் தாயாருக்கு அல்லாஹுத்தஆலா அறிவித்தான். பிள்ளை திரும்பி வரும், ரஸூலாகவும் ஆக்கப்படும் என்ற வாக்குறுதியும் கூடவே இருந்தது.

இத்தனை பெற்றும், பிள்ளையை விட்ட பின் அந்தத் தாயின் கல்பு வெறுமையாகிப் போனது. இரகசியத்தை வெளியிட்டுவிடும் நிலைக்கே வந்துவிட்டார்கள். திருமறை இதை மறைக்கவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. அவர்களுடைய உள்ளத்தை அல்லாஹ்வே உறுதிப்படுத்தினான் என்கிறது. அங்கே வரும் ‘ரபத்னா’ என்ற சொல்லுக்குக் கட்டுதல் என்பது பொருள். அவிழப் பார்ப்பதைத்தானே கட்டுவார்கள்! கலங்கிய ஒரு தாயை ஈமானற்றவள் என்பது மிகப் பெரிய வார்த்தை, சகோதரர்களே.

வாக்குறுதி இருக்கிறதே என்று அந்தத் தாயார் வாளாவிருக்கவுமில்லை. பின்தொடர்ந்து பார்க்கும்படி மகளை அனுப்பினார்கள். அவரும் யாரும் அறியாமல் தூரத்தில் நின்று கவனித்தார். குழந்தை எந்தச் செவிலியிடமும் பால் குடிக்கவில்லை. உடனே அவர், வளர்த்துத் தரும் வீடொன்றைக் காட்டட்டுமா என்று கேட்டார். அப்படித்தான் பிர்அவ்னின் வீட்டிலிருந்தே பிள்ளை, தாயின் கண் குளிர, அவர்களிடம் வந்து சேர்ந்தது.