112 என்ற எண்ணும் நம் ஓட்டும்



இந்த மாதப் பாடம் அரசியல். பயப்பட வேண்டாம், எந்தக் கட்சிக்கும் நான் பிரச்சாரம் செய்யப்போவதில்லை. இளைஞர் வகுப்புகளில் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "அண்ணே, நாம ஒரு கட்சிக்கு ஓட்டுப் போடுறோம். தேர்தல் முடிஞ்சதும் அவங்க எதிர்த்த கட்சியோடவே கூட்டு சேர்ந்துடுறாங்க. அப்புறம் நம்ம ஓட்டுக்கு என்ன மதிப்பு?"

நியாயமான கேள்விதான். பதிலுக்கு முன் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

நாம் தேர்ந்தெடுப்பது யாரை?

நாம் பிரதமருக்கு நேரடியாக ஓட்டுப் போடுவதில்லை. நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். மக்களவையில் மொத்தம் 222 இடங்கள். பெரும்பான்மைக்கு 112 வேண்டும். அந்தப் பெரும்பான்மையினரின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று மாமன்னர் கருதும் உறுப்பினரே பிரதமராக நியமிக்கப்படுகிறார். கூட்டரசு அரசியலமைப்பின் 43-ஆவது விதி சொல்வது இதுதான். அதிக இடங்களை வென்ற கட்சிதான் ஆள வேண்டும் என்று அதில் இல்லை.

2022-இல் நடந்தது

15-ஆவது பொதுத் தேர்தலில் பக்காத்தான் ஹராப்பான் 82, பெரிக்காத்தான் நேஷனல் 74, தேசிய முன்னணி 30, சரவாக்கின் ஜிபிஎஸ் 23 இடங்களைப் பெற்றன. யாருக்கும் 112 இல்லை. 82-ஐயும் 30-ஐயும் கூட்டிப் பாருங்கள், சரியாக 112! வெறும் 30 இடம் வைத்திருந்த அணியின் கையில் சாவி இருந்தது. சரவாக், சபா அணிகளும் சேர, நவம்பர் 24-இல் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் பிரதமரானார்.

சிறுபான்மை அரசு என்றால்?

பாதிக்கும் குறைவான இடங்களோடும் ஓர் அரசு நடக்கலாம். மற்றவர்கள் அதைக் கவிழ்க்காமல் இருந்தால் போதும். நம்மைப் போலவே பிரிட்டிஷ் நாடாளுமன்ற முறையைப் பின்பற்றும் கனடாவைப் பாருங்கள். 338 இடங்களில் 160 மட்டுமே வென்ற லிபரல் கட்சி, 2022 மார்ச்சில் புதிய ஜனநாயகக் கட்சியோடு ஓர் உடன்பாடு செய்தது. அந்தக் கட்சி அமைச்சர் பதவி வாங்கவில்லை. வரவு செலவுத் திட்டத்துக்கும் நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் ஆதரவு தந்தது. பதிலுக்குப் பல் சிகிச்சைத் திட்டம் கேட்டது, கிடைத்தது.

நம் நாட்டிலும் இதற்கு நெருக்கமான ஒன்று நடந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் பெரும்பான்மையை இழந்து டான்ஸ்ரீ முஹிடின் பதவி விலகினார். அடுத்து வந்த இஸ்மாயில் சப்ரி அரசுக்கு மெல்லிய பெரும்பான்மைதான். செப்டம்பர் 13-இல் எதிர்க்கட்சியான பக்காத்தானோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் பேசப்பட்ட சீர்திருத்தங்களில் ஒன்றான கட்சித் தாவல் தடைச் சட்டம் 2022 அக்டோபர் 5-இல் நடப்புக்கு வந்தது.

அப்படியானால் பதில்?

கூட்டு சேர்வது துரோகம் அல்ல. யாருக்கும் 112 கிடைக்காதபோது வேறு வழி ஏது? ஆனால் என்ன நிபந்தனையில் சேர்ந்தார்கள், அது எழுத்தில் இருக்கிறதா, மக்கள் அதைப் படிக்க முடியுமா என்பதுதான் முக்கியம். பதவிக்காக மட்டும் பேசி முடித்த கூட்டு வேறு, ஒரு சட்டத்தையோ திட்டத்தையோ கேட்டு வாங்கிய கூட்டு வேறு.

இன்னொன்றையும் கவனியுங்கள். தனி உறுப்பினர் கட்சியை விட்டு விலகினால் பதவி போகும். ஆனால் கட்சிகள் தேர்தலுக்குப் பிறகு கூட்டு சேர்வதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. அந்த இடத்தில் காவல் நாம்தான். இப்போது 18 வயதானாலே தானாக வாக்காளர் ஆகிவிடுகிறோம். வேட்பாளர் கை குலுக்க வரும்போது சும்மா சிரித்துவிட்டு வராதீர்கள். "பெரும்பான்மை கிடைக்கலன்னா யாரோட சேருவீங்க? எங்களுக்காக என்ன கேட்பீங்க?" என்று மரியாதையோடு கேளுங்கள்.

குழுவில் கலந்து பேச:

1. நம் தொகுதி உறுப்பினர் இப்போது எந்த அணியில் இருக்கிறார்?
2. 30 இடம் உங்கள் கையில் இருந்தால், ஆதரவுக்குப் பதிலாக எந்த ஒரு திட்டத்தைக் கேட்பீர்கள்? ஏன்?