இழுக்கப்படும் காரை நிறுத்துவது யார்?

பழுதாகி நின்ற காரை மற்றொரு காரில் கட்டி இழுத்துச் செல்வது நம் சாலைகளில் வழக்கமான காட்சி. முன்வண்டிக்கு இழுக்கும் வலு உண்டா என்று பார்க்கிறோம். நிறுத்தும் வலு உண்டா என்று பார்ப்பதில்லை. ஆபத்து அங்கேதான் உள்ளது.

ஆஸ்டின் டவுனில் நின்றுபோன ஒரு காரை, உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. சாலைப் பக்கம் உள்ள பணிமனைக்குக் கயிறு கட்டி இழுத்துச் செல்வதாகக் கொள்வோம். சிக்னலில் முன்கார் பிரேக் பிடித்ததும் கயிறு தொய்ந்துவிடும். பின்கார் தன் வேகத்திலேயே வந்து மோதும். கயிற்றுக்குப் பதில் இரும்புத் தண்டைப் பூட்டினால் அந்த மோதல் தவிர்க்கப்படும். ஆனால், இரு கார்களின் பாரத்தையும் முன்காரின் பிரேக்கே தாங்க நேரும். ஒருவரின் சம்பளத்தில் இரு குடும்பங்களின் கடன் தவணையைக் கட்டுவது போன்றது இது. வேகம் இருமடங்கானால், பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும்.

பின்காரில் ஓட்டுநர் அமர்ந்திருந்தால் மட்டும் போதாது. எஞ்சின் ஓடாதபோது, பெரும்பாலான கார்களில் இரண்டு மூன்று முறை மிதித்தவுடன் பிரேக்கின் துணைவிசை தீர்ந்துவிடும், மிதி கடினமாகும். ஸ்டியரிங்கும் கனக்கும்.

அமெரிக்காவில், வீடுபோல் அமைந்த பெரிய வாகனங்களின் பின்னே சிறுகாரைப் பூட்டிப் பயணம் செய்வோர் உண்டு. அவர்கள் பின்காரின் ஓட்டுநர் இருக்கைமுன் ஒரு தனிக் கருவியைப் பொருத்துவர். முன்வண்டி வேகம் குறைக்கும்போது அது பின்காரின் பிரேக்கை மிதிக்கும். இணைப்பு அறுந்தால் பின்காரைத் தானாக நிறுத்தும் அமைப்பும் உண்டு. அவரவர் பாரத்தை அவரவர் பிரேக்கே தாங்க வேண்டும் என்பதே இதன் தத்துவம்.

நம் நாட்டில் 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகள், இழுக்கப்படும் வண்டியில் உரிமம் பெற்ற ஓட்டுநர் இருக்க வேண்டும், அல்லது அதன் ஸ்டியரிங் சக்கரங்கள் தரையைத் தொடாமல் தூக்கப்பட்டிருக்க வேண்டும் என்றன. வண்டிகளின் இடைவெளி 5 மீட்டருக்கும், வேகம் மணிக்கு 24 கிலோமீட்டருக்கும் மிகலாகாது என்றும் வரையறுத்தன. 2017-இல் புதிய ஒழுங்குமுறைகள் வந்தபின்னும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

இனி, பணக்கணக்கு. வழக்கமான மோட்டார் காப்பீடு விபத்தின் சேதத்துக்கானது, இயந்திரப் பழுதுக்கானதன்று. விபத்துக்குள்ளான காரை அப்புறப்படுத்தும் செலவுக்கும், பல தனியார் கார் ஒப்பந்தங்களில் விபத்து ஒன்றுக்கு 1,500 ரூபாய் என்ற வரம்பு உண்டு. பழுதை நீக்காமல் காரை ஓட்டிச் சென்று சேதம் பெருகினால், அது உரிமையாளரின் பொறுப்பே. கார் பணிமனையில் கிடந்தாலும் கடன் தவணை நிற்பதில்லை.

ஆகவே, வாடிக்கையாளர்கள் நினைவிற்கொள்ள வேண்டியவை:

1. காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது சாலையோர உதவிச் சேவையைச் சேர்ப்பதன் கட்டணத்தை விசாரியுங்கள்; இழுவைக்கான தூர வரம்பையும் படித்தறியுங்கள்.

2. ஆட்டோமேட்டிக், மின்சாரக் கார்களின் இயங்கு சக்கரங்கள் தரையில் உருள இழுப்பது பழுதை வளர்க்கலாம். தட்டையான மேடை கொண்ட வண்டியில் ஏற்றுவதே நன்று.

3. கயிற்றால் இழுத்தே தீர வேண்டுமெனில், பிரேக் நல்ல நிலையில் இருந்தால் மட்டும் அருகிலுள்ள பணிமனைவரை மெதுவாகச் செல்லுங்கள். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவியைத் திருப்பி வையுங்கள். கயிறு எப்போதும் விறைப்பாக இருக்கும்படி பின்கார் ஓட்டுநரே முதலில் பிரேக்கை மெல்ல அழுத்தட்டும்.

மேடைவண்டிக்குச் செலுத்தும் தொகை, இரு கார்களைச் செப்பனிடும் செலவைவிடச் சிறியது.